கோடு வரை

குப்பி தபாலில் வந்தது.
கோடு வரை துப்பவேண்டும்.
நுரை கணக்கில் சேராது என்று
சிவப்பில் எழுதியிருந்தார்கள்.

டண்டினோங் ரயில் பாதைக்குப் பின்னால் வாடகை வீடு,
சமையலறை மேசையில் நானும் குப்பியும்.
காலையிலிருந்து ஒரு துளி இல்லை.
மனச்சோர்வை அறிய எச்சில் கேட்கிறார்கள்,
மனச்சோர்வின் மாத்திரையோ
முதல் வேலையாக
வாயைக் காயவைத்துவிட்டது.
யாரிடம் முறையிட?

அரை மணி நேரம் எதையும் தின்னக்கூடாதாம்.
பார்க்கக்கூடாது என்று இல்லை.
பழப்புளி ஒரு உருண்டை எடுத்து
எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊறிற்று.

எச்சில் கை, எச்சில் கோப்பை, எச்சில் இலை,
தள்ளிவைத்தே பழகிய ஒன்றை
மூடி திருகி, முகவரி ஒட்டி,
இரண்டு கையாலும் அனுப்பினேன்.

படிவம் கேட்டது: இனம்?
இந்தியர், ஒரு கட்டம். இலங்கையர், ஒரு கட்டம்.
அப்பாவின் ஆட்கள் பதுளையில் கொழுந்து பறித்தவர்கள்,
அதற்கு முன் புதுக்கோட்டைப் பக்கம்
ஏதோ ஒரு பஞ்சத்தில் நடக்கத் தொடங்கியவர்கள்.
அம்மா சாவகச்சேரி.
நான் பிறந்தது வவுனியா, முகாமுக்கு இரண்டு மைல்.
கட்டத்துக்குள் பேனா முனை மட்டும்தான் போனது.

குடும்பத்தில் வேறு யாருக்கும்?
அம்மாவுக்கு எடுத்துக் கேட்டேன்.
"ஒருத்தருக்கும் இல்லை" என்றாள்.
பெரிய மாமா ஒரு வருசம் சவரம் செய்யாமல் இருந்தவர்,
அது யோசனை.
சின்னத்தைக்கு நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி,
அது வாயு.
பவளம் மச்சாளுக்கு நித்திரை இல்லை,
அது கண்ணூறு.
"அந்த வருத்தம் எங்கட ஆக்களுக்கு வாறேல்லைப் பிள்ளை."
'தெரியாது' என்ற கட்டத்தில் கோடு கீறினேன்.

டொக்டர் ஸ்தாவ்ரூலா வேறொரு சோதனை எடுத்துச் சொன்னாள்:
உன் ஈரலின் வாசகத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது,
இந்த மருந்தை மெல்லத்தான் கரைக்கும்,
உங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்கு அப்படி,
பாதி மாத்திரை போதும்.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
எதையும் லேசில் வெளியே விடாத உடம்பு
என்பது புதுச் செய்தியும் இல்லை.

ஒன்பது மாதம் கழித்துக் கடிதம்.
உங்கள் வம்சாவளியில் எம்மிடம் ஆட்கள் போதாது.
ஐரோப்பியருக்குச் செய்த அளவுகோல்
உங்களுக்குச் சரிவராது.
மதிப்பெண் தர இயலவில்லை. மாதிரி பத்திரம்.

பூச்சியத்துக்குக் கீழே எண்பது பாகையில்
ஆள் நிரம்பினால்தான் புறப்படும் தட்டிவானைப் போல
என் எச்சில் காத்திருக்கிறது.

தலையெழுத்து என்று அம்மா ஒருமையில் சொல்வதை
இவர்கள் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள்.
ஒவ்வொன்றும் மணலளவு பாரம்தானாம்.
மிச்சம் வாழ்ந்ததில் இருக்கிறதாம்.
வாழ்ந்ததற்குக் குப்பி வரவில்லை.

தம்பி யசிதரனுக்குக் கடிதத்தை வாசித்தேன்.
இறைச்சி லொறி ஓட்டுகிறவன், நெடுஞ்சாலை இரைச்சலுக்குள்
"இன்னும் எத்தினை பேர் வேணுமாம்?" என்றான்.
சுகமாக இருப்பவர்களும் வேண்டுமாம், ஒப்பிட.
"அப்ப நான் தாறன். எனக்கு ஒண்டும் இல்லைத்தானே."

ஞாயிறு பின்னேரம், அதே மேசை.
சிரித்துக்கொண்டுதான் தொடங்கினான்.
பத்து நிமிடம்.
இருபது.
நுரை மட்டும்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தான்,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
கோடு அவன் பெருவிரலுக்கு மேலே
எங்கேயோ இருந்தது.
நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
எழுந்துபோய்
புளிப் போத்தலை எடுத்துவந்து
அவன் முன்னால் திறந்துவைத்தேன்.